வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் பழைய முறையைக் கேட்பதா, புதிய முறையைக் கேட்பதா?

கோத்தகிரியில் ஒரு ஷெட் இருக்கிறது, அதில் மரத்தால் சின்ன விமானம் ஒன்று கட்ட ஆசை, பழைய கையேடு ஒன்று சொல்கிறது, யூடியூபில் வேறொன்று சொல்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். குன்னூரில் எங்களுக்கு மரப்பட்டறை. அங்கே நானும் ஒரு நண்பரும் பீட்டன்போல் ஏர் கேம்பரின் இறக்கையைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். மினசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் 1929ல் ஃபோர்ட் மாடல் ஏ கார் இன்ஜினை வைத்துப் பறக்கவிட்ட இரண்டு இருக்கை விமானம் அது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மரம் தேர்வு செய்வது, வெட்டுவது, சோதிப்பது எல்லாவற்றிலும் பழையவர்களைக் கேளுங்கள். பசை, இறக்கைமேல் போர்த்தும் துணி, பூச்சு மூன்றிலும் புதியதை எடுங்கள். எடுத்த பிறகு அந்தப் பொருளுக்கு உரிய முறையை முழுசாகப் பின்பற்றுங்கள். ஒரே இணைப்பில் பாதி பழசு, பாதி புதுசு என்று கலப்பதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

பசையை எடுத்துக்கொள்வோம். ஆரம்ப காலத்தில் பாலிலிருந்து எடுத்த கேசின் பசை இருந்தது. ஈரத்தில் பூஞ்சை பிடித்து வலுவிழந்துவிடும், அதை மறந்துவிடலாம். அடுத்து வந்த ரிசார்சினால் நல்ல பசை. காய்ந்தால் கருஞ்சிவப்பாகத் தெரியும், கொதிநீரையே தாங்கும். அனுபவசாலிகள் பலர் இன்றும் அதைத்தான் சிபாரிசு செய்வார்கள். ஆனால் இரண்டு பரப்பும் இடைவெளியே இல்லாமல் பொருந்த வேண்டும். துண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கிளாம்பை நன்றாக முறுக்க வேண்டும். ஒட்டிய இடம் ஏறத்தாழ 21 டிகிரிக்குக் குறையாமல் மணிக்கணக்கில் இருக்க வேண்டும். மார்கழி ராத்திரியில் நம் ஊர்த் தகர ஷெட்டுக்குள் அந்தச் சூடு எங்கே இருக்கும்? டி-88 போன்ற எபாக்சி, அதாவது இரண்டு பகுதியைக் கலந்து ஒட்டும் புதிய வகைப் பசை, குளிரிலும் இறுகும், என்ன, கூடுதல் நேரம் எடுக்கும். சின்ன இடைவெளியையும் நிரப்பிக்கொள்ளும். அதனால் எங்கள் இறக்கை முழுவதும் எபாக்சிதான்.

இங்கேதான் கவனம் வேண்டும். பழைய கையேட்டில் "கிளாம்பை இறுக்கு" என்று இருப்பது ரிசார்சினாலுக்குச் சொன்னது. எபாக்சியை அப்படி இறுக்கினால் பசை வெளியே பிதுங்கி, உள்ளே ஒன்றுமில்லாத வறண்ட இணைப்பு மிஞ்சும். வெளியிலிருந்து பார்த்தால் அழகாகவே இருக்கும். அதே மாதிரி "கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை" என்ற எபாக்சிக்காரர்கள் பேச்சை ரிசார்சினாலுக்குப் பொருத்தினால் அந்த இணைப்பு நிற்காது. இரண்டு பேரும் தவறாகச் சொல்லவில்லை. அவரவர் பசைக்குச் சொல்கிறார்கள். ஒரு அறிவுரையைப் படித்தால் முதலில் கேட்க வேண்டியது, இது எந்தப் பொருளுக்கு, எந்த ஊர்ச் சூட்டுக்குச் சொன்னது என்பதுதான்.

எபாக்சியிலும் நம் மலைக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஈரமும் குளிரும் சேர்ந்த நாளில் சில எபாக்சிகளின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். அதன்மேல் அடுத்த பூச்சு பிடிக்காது. தண்ணீரால் துடைத்து, உலரவிட்டு, அப்புறம்தான் தொட வேண்டும். இன்னொன்று, வெயிலில் சூடேறினால் எபாக்சி இளகும். விமானம் கடைசியில் சமவெளியில்தான் நிற்கப்போகிறது, ஆகவே கருநீலம், கருஞ்சிவப்பு வண்ணங்களை மறந்துவிட்டு வெள்ளை அடியுங்கள்.

ஈரத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1944ல் இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்த மாஸ்கிட்டோ என்ற மரப் போர்விமானங்கள் சில, பறக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்தன. அந்த ரகத்தையே சில காலம் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். பசை கெட்டதா, மழைக்காலத்தில் மரம் உப்பிச் சுருங்கியதா, தொழிற்சாலையில் ஒட்டும்போதே குறையா என்று அப்போதே வாதம் நடந்தது. மூன்றும் நம் ஷெட்டுக்குள் நடக்கக்கூடியவைதான்.

ஒட்டும்போது மரத்தின் ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் நாள் கணக்கில் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும்போது திறந்து வைத்த மரம் 20 சதவீதம் வரைக்கும் போய்விடும். விதி பழையது, அதைக் காப்பாற்றப் புதிய கருவி வேண்டும். ஈரமானி ஒன்று வாங்குங்கள். மரத்தை மூடிய அலமாரியில் வைத்து, காற்றின் ஈரத்தை எடுக்கும் டிஹியூமிடிஃபையர் போடுங்கள். மழை விடாத வாரத்தில் பசை டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

எஸ்டேட் பக்கம் இருப்பவர்கள் "சில்வர் ஓக்தான் கொட்டிக் கிடக்கிறதே" என்பார்கள். கட்டில், அலமாரிக்கு எடுக்கலாம், இறக்கையின் நீளவாக்கில் ஓடிப் பாரத்தைத் தாங்கும் ஸ்பார் கட்டைக்கு வேண்டாம். வரைபடத்தின் கணக்கு ஸ்ப்ரூஸ் மரத்தின் பலத்தை வைத்துப் போட்டது. வட அமெரிக்கப் பசிபிக் கரையிலிருந்து வரும் சிட்கா ஸ்ப்ரூஸிலேயே ஓர் அங்குலத்துக்குள் குறைந்தது 6 ஆண்டு வளையம் இருக்க வேண்டும், இழை 15 அங்குல நீளத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல் சாயக்கூடாது என்று பார்த்துத் தள்ளிவிடுகிறார்கள். விலை வலிக்கும், தெரியும். வேறு எங்கேயாவது மிச்சம் பிடியுங்கள்.

என் பெரியப்பா விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமான உடலைப் பராமரிப்பவராக, இருந்தவர். பட்டறைக்கு வந்தால் முதலில் குப்பைக்கூடையைத்தான் பார்ப்பார். "ஒட்டின நாளிலே ஒரு துண்டு ஒட்டி வெச்சியாப்பா?" என்று கேட்பார். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே பசையில் இரண்டு சின்னத் துண்டுகளை ஒட்டித் தேதி எழுதி வைத்து, இறுகிய பிறகு உடைத்துப் பார்க்க வேண்டும். மரம் கிழிந்தால் சரி. பசைக்கோட்டில் பளிச்சென்று பிரிந்தால் அன்று ஒட்டிய எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும். இதற்கு மாற்றாக இதுவரை எந்தப் புதிய முறையும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. ஒட்டும் முகத்தில் உப்புத்தாள் தேய்க்காதே, கூரான இழைப்புளி போடு, தூள் துளைகளை அடைத்துவிடும் என்பதும் அவர் சொன்னது. எபாக்சிக்குத் தேய்க்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். நான் பெரியப்பா பக்கம்.

துணியில் எனக்குச் சந்தேகமே இல்லை. பருத்தித் துணியும் அதை இறுக்கப் பூசும் நைட்ரேட் டோப்பும் பார்க்க அழகு. ஆனால் டோப் சட்டென்று தீப்பிடிக்கும், ஈரக்காற்றில் அடித்தால் வெளிறிப்போய்ப் பலமில்லாத படலமாக நிற்கும். மஞ்சு இறங்கும் ஊரில் அது ஓயாத போராட்டம். பாலியஸ்டர் துணியை இஸ்திரிப் பெட்டியால் சுருக்கலாம், உளுத்துப்போகாது. பெட்டியின் திருகில் எழுதியிருப்பதை நம்பாமல் வெப்பமானி வைத்துப் பாருங்கள், சுமார் 177 டிகிரியைத் தாண்டக்கூடாது. மேலே அலுமினியத் தூள் கலந்த பூச்சு கட்டாயம், வெயிலின் புற ஊதாக் கதிர் பாலியஸ்டரைத் தின்றுவிடும்.

துணி போர்த்தி மூடுவதற்கு முன் விவரம் தெரிந்த இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மரம் வாங்குவதற்கு முன்பே, விமானங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிகளைப் படித்துவிடுங்கள். மும்பையில் அமோல் யாதவ் மொட்டைமாடியில் கட்டிய விமானம் பல வருடம் அலைந்து 2017ல்தான் பதிவு பெற்றது. அந்தக் காத்திருப்புக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, நீலகிரியில் ஓடுதளம் கிடையாது. கட்டியதை லாரியில் ஏற்றிக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கித்தான் ஆக வேண்டும். ஏர் கேம்பர் இறக்கையை ஒரே துண்டாகவும் கட்டலாம், மூன்று துண்டாகவும் கட்டலாம். ஒரே துண்டு என்றால் கிட்டத்தட்ட 9 மீட்டர். நாங்கள் மூன்று துண்டாகக் கட்டுகிறோம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க வேண்டிய நீங்களும் அதையே எடுங்கள்.