பியூஸைப் பிடுங்கினால் காலி செய்துவிட வேண்டுமா?

கேள்வி: திருப்பூர் பதினைந்து வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் ஐந்து வருடமாகக் குடியிருக்கிறோம். வாடகை 4,500, அட்வான்ஸ் 40,000. எழுத்தில் எதுவும் இல்லை, வாடகையும் கையில்தான் கொடுப்போம். இப்போது வீட்டுக்காரர் 6,500 கேட்டார், முடியாது என்றோம். நான்கு நாளாக எங்கள் வீட்டு பியூஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்கிறார். வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிடலாமா? நானும் கணவரும் பனியன் கம்பெனியில் டைலர்கள்.

பதில்: வேண்டாம் சகோதரி, கழிக்கச் சொல்லாதீர்கள். கோபத்தில் எல்லோரும் செய்வது அதுதான், வழக்கில் அதிகம் அடிபடுவதும் அதனால்தான். இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால், நோட்டீஸ் அனுப்பி உங்களை வெளியேற்றக் கேட்க அதுவே அவருக்குக் காரணமாகிவிடும். 4,500 ரூபாயை இந்த மாதமே ஜிபேயிலோ வங்கி மூலமோ அனுப்புங்கள். எந்த மாத வாடகை என்று குறிப்பும் போடுங்கள். ஐந்து வருடமாக இல்லாத ஆதாரம் இனி மாதாமாதம் சேரும்.

அடுத்து கரண்ட். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், மின்சாரம், தண்ணீர் போன்ற அவசியத் தேவைகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்க உத்தரவிடலாம். பியூஸ் இல்லாத பெட்டியைத் தேதி தெரிய போட்டோ எடுத்து வையுங்கள். சாமானைத் தூக்கி வெளியே போட்டாலோ பூட்டுப் போட்டாலோ உடனே 100-ஐ அழையுங்கள். "இது சிவில் விவகாரம்" என்று ஸ்டேஷனில் சொன்னாலும் எழுத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தம் போடாததையே காரணமாகக் காட்டி அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போக முடியும். போகட்டும், அதுதான் சரியான வழி. தீர்ப்பு வாங்காமல் மாதக் கடைசி என்று நாள் குறிக்க அவருக்கு உரிமை இல்லை. ஆனாலும் என் யோசனை, வாடகையைக் கொஞ்சம் ஏற்றிப் பேசி முடித்து, அதே கையோடு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்வது. அட்வான்ஸ் 40,000 என்பது அதில் கட்டாயம் இருக்கட்டும். சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றாலும், இருவரும் ஒத்துக்கொண்டு எழுதினால் அதிகமாகவும் இருக்கலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்து, மீதியை அவர் திருப்பித் தர வேண்டும். எழுதாத அட்வான்ஸைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. திருப்பூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஆதார் அட்டையோடும் கம்பெனி ஐடி கார்டோடும் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். வீட்டுக்காரரை அழைத்துப் பேசவும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள்.