குடியரசுத் தலைவர் தேர்தலில் யார் நிற்கலாம்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

முப்பத்தைந்து வயது நிரம்பிய எந்த இந்தியக் குடிமகனும் குடியரசுத் தலைவர் ஆகலாம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தேன். ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் சாமானியர்களின் வேட்புமனுக்கள் கூட்டமாகத் தள்ளுபடி ஆகின்றன. தகுதி உள்ளவரைத் தள்ளுவது என்ன நியாயம்? நான் நகராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வேலையில் இருந்துகொண்டே ஒருவர் நிற்க முடியுமா? கனடாக் குடியுரிமை வாங்கி, ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருக்கும் என் அண்ணனைப் போன்றவர்கள் நிற்க முடியுமா?

க.,
திருப்பூர் மாவட்டம்

அன்புள்ள க.,

நீங்கள் படித்தது தவறில்லை, பாதிதான். போட்டியிடத் தகுதி என்பது வேறு, வேட்புமனு செல்லுபடியாவது வேறு. முதலாவது அரசியலமைப்பின் 58ஆவது பிரிவில் இருக்கிறது. இரண்டாவது, 1952ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் தேர்தல் சட்டத்தில் இருக்கிறது. சாமானியர்களின் மனுக்கள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் அடிபடுகின்றன.

58ஆவது பிரிவு கேட்பது மூன்று: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், மக்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதி இருக்க வேண்டும். படிப்புத் தகுதி கிடையாது, உச்ச வயது வரம்பும் கிடையாது. மூன்றாவது வரிதான் கனமானது. மக்களவைக்கான தகுதியை இழுத்து வருவதால், நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாக வேண்டும். இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், விடுதலையாகி ஆறாண்டு ஆகும்வரை நிற்க முடியாது என்ற விதியும் கூடவே வந்துவிடும். இவையெல்லாம் மனுப் பரிசீலனை நாளன்று இருக்க வேண்டும். வாக்குப்பதிவுக்குள் 35 ஆகிவிடும் என்பது செல்லாது.

உங்கள் வேலையைப் பற்றி. அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, ஆதாயம் தரும் பதவியில் இருப்பவரைத் தடுக்கிறது. எம்.பி.க்களுக்கான 102ஆவது பிரிவு மத்திய, மாநில அரசுப் பதவிகளை மட்டுமே சொல்கிறது. அதில் எந்தப் பதவிக்கும் நாடாளுமன்றம் சட்டம் போட்டு விலக்கு தரலாம். 58 அப்படி இல்லை. உள்ளாட்சி அமைப்பும், அரசின் கட்டுப்பாட்டில் உள்ள பிற அமைப்புகளும் அதில் அடக்கம். விலக்கு பெற்றவர்கள் குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், ஆளுநர், மத்திய அல்லது மாநில அமைச்சர் மட்டுமே. ஆகவே நகராட்சி ஊழியர் ராஜினாமா செய்தாக வேண்டும். கடிதம் கொடுத்தால் போதாது, பரிசீலனை நாளுக்கு முன் அது ஏற்கப்பட்டு, பணியிலிருந்து விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். 1967இல் கே. சுப்பா ராவ் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பதவியை விட்டு விலகித்தான் களத்தில் இறங்கினார். எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வென்று பதவியேற்கும் நாளில் அவர்கள் இடம் தானாகக் காலியாகிவிடும்.

இந்த விதி பெரிய தலைகளையும் சும்மா விடவில்லை. 2012 தேர்தலில் வேட்பாளர் பிரணாப் முகர்ஜி கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத் தலைவராக இருந்தது ஆதாயப் பதவி என்று, எதிர்த்து நின்ற பி.ஏ. சங்மா ஆட்சேபித்தார். தேர்தல் அதிகாரி அதை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், ஐந்து நீதிபதிகள் அமர்வில் 3–2 என்ற கணக்கில்தான் தள்ளுபடியானது.

இப்போது மனுவுக்கு வருவோம். வாக்காளர்களில் 50 பேர் முன்மொழிய வேண்டும், வேறு 50 பேர் வழிமொழிய வேண்டும். இங்கே வாக்காளர் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான், டெல்லி, புதுச்சேரி சட்டமன்றங்களும் சேர்த்தி. நியமன உறுப்பினரின் கையெழுத்து எண்ணிக்கையில் வராது. ஒருவர் ஒரு மனுவில்தான் கையெழுத்திடலாம். இரண்டில் போட்டால் முதலில் தாக்கலானதில் மட்டுமே செல்லும். ஒரு வேட்பாளர் நான்கு மனுக்கள் வரை தரலாம் என்பதால், பெரிய கட்சிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆள் திரட்டுகின்றன. ஒன்றில் பிழை வந்தாலும் மற்றது காப்பாற்றும்.

டெபாசிட் 15,000 ரூபாய். தேர்தல் அதிகாரியிடம் ரொக்கமாகவோ, ரிசர்வ் வங்கியிலோ அரசுக் கருவூலத்திலோ கட்டிய ரசீதாகவோ தர வேண்டும். செக் எடுபடாது. கூடவே வாக்காளர் பட்டியலில் தன் பெயர் உள்ள பதிவின் சான்றிட்ட நகல் வேண்டும். வாக்காளர் அடையாள அட்டையின் ஜெராக்ஸ் அதற்கு ஈடாகாது. வாக்காளர் பதிவு அலுவலர் கையெழுத்திட்டுத் தரும் நகலையே கேட்கிறார்கள். மனு தாக்கலுக்கு டெல்லிக்கு ரயிலேறும் முன் இதைக் கையில் வாங்கிவிட வேண்டும். இது இணைக்கப்படாத மனு, பரிசீலனைக்கே போகாமல் தாக்கல் மேசையில் தள்ளுபடியாகும்.

நூறு கையெழுத்து எவ்வளவு கடினம்? 2022 தேர்தலில் வாக்காளர்கள் 4,809 பேர். அதில் நூறு என்றால் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். இந்தத் தேர்தலில் எம்.எல்.ஏ.வின் வாக்குக்கு மாநில மக்கள்தொகையைப் பொறுத்து மதிப்பு மாறும். கையெழுத்துக்கு அந்த மதிப்பைப் பார்ப்பதில்லை. சிக்கிம் எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு 7, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுடையது 176, முன்மொழியும்போது இருவரும் ஒன்றே. சிக்கிமின் 32, புதுச்சேரியின் 30, கோவாவின் 40 எம்.எல்.ஏ.க்கள் ஒன்றுகூடினாலே ஒருவரைக் களத்தில் நிறுத்திவிடலாம். ஆனால் அந்த 102 பேரின் மொத்த வாக்கு மதிப்பு 1,504தான். வெற்றிக்கு வேண்டிய வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் டெபாசிட் திரும்பும். 2022 கணக்கில் அது சுமார் 90,000.

இந்தக் கதவு முதலில் திறந்தே இருந்தது. ஒருவர் முன்மொழிந்து ஒருவர் வழிமொழிந்தால் போதும், டெபாசிட்டும் இல்லை. 1967இல் 17 பேர் நின்றார்கள். அதில் ஒன்பது பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. தன்னை முன்மொழிந்தவரின் வாக்கே கிடைக்கவில்லை என்றுதானே அர்த்தம்? 1974இல் பத்துப் பத்துப் பேர், 2,500 ரூபாய் என்று சட்டம் திருத்தப்பட்டது. அடுத்து 1977இல் வந்த 37 மனுக்களில் 36 தள்ளுபடியாகி, நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வானார். 1997இல் இப்போதைய அளவுக்கு உயர்த்தினார்கள். கையெழுத்து கேட்பதை நான் நியாயம் என்றே நினைக்கிறேன். மக்கள் நேரடியாக வாக்களிக்காத தேர்தலில், வாக்களிக்கப்போகிறவர்களில் சிலராவது ஆதரிக்கிறார்களா என்று முன்கூட்டியே பார்ப்பதில் தவறில்லை. என் மனக்குறை வேறு. தேர்தல் முடிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேட்பாளராக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாக்காளர்கள் இருபது பேராவது சேர வேண்டும். உரிய கையெழுத்து இல்லாத மனுவைத் தந்தவர் வேட்பாளரே அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அந்த விதியையே தேர்தல் மனு (தேர்தலை எதிர்த்துத் தொடுக்கும் வழக்கு) மூலம் கேள்வி கேட்க அவருக்கு வழியில்லை. இது சரியல்ல.

உங்கள் அண்ணன் விஷயம். ஓ.சி.ஐ. என்பது குடியுரிமை அல்ல. குடியுரிமைச் சட்டத்தின் 7பி பிரிவு, ஓ.சி.ஐ. அட்டைதாரருக்கு 58ஆவது பிரிவின் உரிமை கிடையாது என்று பெயர் சொல்லியே விலக்குகிறது. ஆனால் அமெரிக்காவைப் போலப் பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்று நம் அரசியலமைப்பு கேட்கவில்லை. ஓ.சி.ஐ. பதிவாகி ஐந்தாண்டு ஆகி, விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வசித்தவர் இந்தியக் குடியுரிமை கோரலாம். அது கிடைத்து, கனடாக் குடியுரிமையைத் துறந்து, வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேர்ந்துவிட்டால், உங்களுக்கு உள்ள தகுதி அவருக்கும் உண்டு. அதன்பின் அவரும் அந்த நூறு கையெழுத்தைத் தேடிப் போக வேண்டியதுதான்.