ஆற்று நீர் யாருடைய ரகசியம்?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, நான் வடசென்னையில் உள்ள ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீடு எர்ணாவூரில். அப்பா முன்பு எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் பிடித்தவர். இப்போது காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறார். எங்கள் துறை, மணலியில் உள்ள ஒரு தொழிற்சாலையோடும் எங்கள் பகுதி மீனவர் சங்கத்தோடும் சேர்ந்து இரண்டு மாத ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப் ஒன்றை ஏற்பாடு செய்திருக்கிறது. வாரத்தில் பாதி நாள் தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை. மீதி நாள் கொசஸ்தலை ஆற்றில் நீர் மாதிரி எடுக்க வேண்டும். மாதம் ஐயாயிரம் ரூபாயைத் தொழிற்சாலை தரும். ஆனால் சேருவதற்கு முன் ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். "இங்கு பெறப்படும் எந்தத் தகவலையும் யாரிடமும் வெளியிட மாட்டேன்" என்று அதில் இருக்கிறது. "கம்பெனிக்காரங்க காசை வாங்கிக்கிட்டு நம்ம ஆத்துத் தண்ணியப் பத்தி என்னம்மா எழுதப் போற?" என்று அப்பா கேட்கிறார். என் தோழி ஒரு நிறுவனத்தில் மூவாயிரம் ரூபாய் கட்டிச் சான்றிதழ் மட்டும் வாங்கிவிட்டாள். அதுவே போதும் என்கிறாள். நான் என்ன செய்யட்டும்?
— ஒரு மாணவி, எர்ணாவூர்

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் மறுபடி மறுபடி படித்தது உங்கள் அப்பாவின் கேள்வியைத்தான். அதை அவர் கோபத்தில் கேட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆய்வுக்குப் பணம் தருவது யார், கேள்வியைத் தீர்மானிப்பது யார், கிடைக்கும் விடை யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்ற மூன்றையும் அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார். வேதியியல் சொல்லிக்கொடுத்த முப்பது ஆண்டுகளில், பல மாணவர்களுக்கு இதை நான் போதிய அழுத்தத்தோடு சொல்லவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

என் பதில், சேருங்கள் என்பதுதான். ஆனால் இப்போது உங்கள் கையில் இருக்கும் ஒப்பந்தத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள்.

சேருங்கள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கல்லூரியும் தொழிற்சாலையும் சேர்ந்து நடத்தும் பயிற்சிகள் புதியவை அல்ல. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகம் 1906-லேயே வகுப்பறைப் படிப்பையும் தொழிற்சாலை வேலையையும் மாறி மாறி வரும்படி இணைத்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் இரண்டு தரப்பினர் மட்டுமே இருப்பார்கள். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களும் மேசையில் உட்காரும் ஏற்பாடு எளிதில் வாய்ப்பதில்லை. நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் 1970-களில் 'அறிவியல் கடை' என்ற பெயரில் ஒரு வழக்கம் தொடங்கியது: ஆய்வுக்குச் செலவழிக்க வசதியில்லாத ஊர்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் தங்கள் கேள்வியோடு பல்கலைக்கழகத்துக்கு வரலாம், மாணவர்கள் தங்கள் படிப்பின் பகுதியாகவே அதை ஆராய்ந்து விடை தருவார்கள். உங்கள் துறை செய்திருக்கும் ஏற்பாட்டில் மீனவர் சங்கம் பெயரளவுக்கு இல்லாமல் உண்மையாகவே ஒரு தரப்பாக இருக்குமானால், அது அந்த வகையைச் சேர்ந்தது. அதை உங்களுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு என்றே நினைக்கிறேன்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. காசநோய்க்காரர்கள் அனைவரையும் படுக்கவைக்கச் சானடோரியங்களில் இடமில்லாத காலத்தில், 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். நெரிசலான வீட்டில், சத்தான சாப்பாடு இல்லாமல் இருக்கும் நோயாளியும் ஒழுங்காக மருந்து எடுத்துக்கொண்டால் குணமாவாரா என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. குணமாவார், வீட்டில் உள்ளவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று 1959-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. ஏழைகளின் வீட்டு நிலைமையிலிருந்து எழுந்த கேள்வியாக இருந்ததால்தான் அதன் விடை அவ்வளவு தூரம் போனது. அதனால்தான், உங்கள் திட்டத்தில் ஆய்வுக் கேள்வியை எழுதியது யார் என்பதை முதலில் விசாரியுங்கள் என்கிறேன்.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருகிறேன். தொழிற்சாலைக்கு நியாயமான ரகசியங்கள் உண்டு. எந்த வினையூக்கியை எவ்வளவு சேர்க்கிறார்கள், எந்த வெப்பநிலையில் வினை நடக்கிறது, யாருக்கு என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுடைய சொத்து. அந்த ஆய்வகத்துக்குள் நீங்கள் காணும் இத்தகைய விஷயங்களை வெளியில் சொல்லாமல் இருப்பது உங்கள் கடமையும்கூட. ஆனால் கொசஸ்தலை ஆறு அந்த மதில் சுவருக்குள் ஓடவில்லை. அது பொதுநீர். பொது இடத்தில் நின்று, பொது ஆற்றிலிருந்து நீங்கள் முகர்ந்தெடுக்கும் நீரில் எவ்வளவு அமோனியா இருக்கிறது என்பது எந்த நிறுவனத்தின் வணிக ரகசியமும் ஆகாது. "எந்தத் தகவலையும்" என்ற அந்த ஒரு சொல்லாட்சி, இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. அதைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: தொழிற்சாலை வளாகத்துக்குள் தெரியவரும் உற்பத்தி விவரங்கள் ரகசியம், வளாகத்துக்கு வெளியே எடுக்கும் மாதிரிகளின் முடிவுகள் கல்லூரி, தொழிற்சாலை, சங்கம் என்ற மூன்று தரப்புக்கும் ஒரே நாளில், ஒரே வடிவத்தில் போய்ச் சேர வேண்டும். அச்சிடுவதற்கு முன் அறிக்கையைப் படித்துப் பார்க்க நிறுவனம் முப்பது நாள் அவகாசம் கேட்டால் கொடுக்கலாம். பிழை இருந்தால் சுட்டிக்காட்டட்டும். நிறுத்திவைக்கும் அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது.

இதை நீங்கள் தனியாகப் போய்க் கேட்க வேண்டியதில்லை, கேட்கவும் கூடாது. இருபது வயது மாணவியிடம் மட்டும் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தமே சரியானதல்ல; கல்லூரியும் அதில் கையெழுத்திட வேண்டும். உங்கள் துறைத் தலைவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டியே பேசுங்கள். என் அனுபவம் ஒன்றையும் அவரிடம் சொல்லலாம். பல ஆண்டுகளுக்கு முன், கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பற்றிப் படிக்க மூன்று மாணவிகளை ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பினேன். மேலாளர் நல்லவர், வாய்மொழியாகவே எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். நானும் எழுத்தில் எதுவும் கேட்கவில்லை. ஆய்வு முடியும் நேரத்தில் அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் முடிவுகள் எதையும் பயன்படுத்தக் கூடாது என்றார். அந்த மூன்று பேரும் நான்கு மாத உழைப்பை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று வாரத்தில் வேறொரு புராஜெக்டை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பக்கக் காகிதத்தைக் கேட்டு வாங்காதது என் தவறு. அவர்களில் ஒருத்தி கண்ணீரோடு நின்றது இன்றும் எனக்கு மறக்கவில்லை.

பணத்தைப் பற்றி உங்கள் அப்பாவுக்கு இருக்கும் சங்கடத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. கனடாவில் 1999 முதல் இயங்கும் மிட்டாக்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, பல்கலைக்கழக மாணவர்களை நிறுவனங்களோடும் சமூக அமைப்புகளோடும் இணைத்து ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்புகளை நடத்துகிறது. அதன் வழக்கமான ஏற்பாட்டில், நான்கு முதல் ஆறு மாதம் வரையிலான ஓர் இன்டர்ன்ஷிப்புக்குப் பங்காளர் நிறுவனம் 7,500 டாலர் செலுத்தும். மிட்டாக்ஸ் தன் பங்கைச் சேர்த்து 15,000 டாலரைப் பல்கலைக்கழகத்தில் உள்ள பேராசிரியருக்கு ஆராய்ச்சி நிதியாக அனுப்பும். மாணவரின் உதவித்தொகை அதிலிருந்து போகும். நம் ஐயாயிரம் ரூபாய்க்கு அவ்வளவு பெரிய அமைப்பு தேவையில்லை. ஆனால் பணம் கல்லூரிக் கணக்குக்கு வந்து, அங்கிருந்து உங்களுக்கு வரும்படி செய்யலாம். அப்போது நீங்கள் கல்லூரியின் ஆய்வு மாணவி. தொழிற்சாலையின் சம்பளக்காரர் அல்ல. உதவித்தொகையை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மணலிக்கும் எண்ணூருக்கும் வெயிலில் அலைந்து செய்யும் வேலைக்குப் பணம் வாங்குவதில் இழுக்கு ஒன்றுமில்லை. சம்பளமில்லாமல் வேலை செய்ய வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே ஆராய்ச்சிக்கு வரும் நிலை உங்களைப் போன்றவர்களைத்தான் வெளியே நிறுத்தும்.

ஆய்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனத்தோடு தொடங்கும் பல திட்டங்கள் இங்கேதான் கெட்டுப்போகின்றன. முகத்துவாரத்துக்கு வரும் அழுக்குக்கு ஒரே ஒரு வாசல் இல்லை. பக்கிங்காம் கால்வாயின் சாக்கடை, அனல்மின் நிலையச் சாம்பல், மணலியின் கழிவு எல்லாம் அங்கே கலக்கின்றன. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றில் இறங்கிய எண்ணெயையும், அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஊரே மூச்சுத் திணறியதையும் நீங்கள் என்னைவிட நேரில் அறிவீர்கள். "ஆற்றைக் கெடுத்தது யார்?" என்ற கேள்விக்கு இரண்டு மாதத்தில், ஒரு மாணவியின் குப்பிகளால் விடை சொல்ல முடியாது. சொல்ல முயன்றால் முடிவை யாரும் மதிக்க மாட்டார்கள். மாறாக, குறிப்பிட்ட நான்கு இடங்களில் எட்டு வாரங்களுக்கு, நீரேற்றத்தின்போதும் வற்றும்போதும் கரைந்த ஆக்சிஜனும் அமோனியாவும் எப்படி மாறுகின்றன என்ற கேள்விக்கு உங்களால் உறுதியாக விடை சொல்ல முடியும்.

அந்த நான்கு இடங்களைத் தேர்ந்தெடுக்க உங்கள் அப்பாவைக் கூப்பிடுங்கள். எந்த மடையில் இறால் முதலில் குறைந்தது, எந்தத் திட்டில் இப்போது காலை வைத்தால் சேறு கறுப்பாக ஏறுகிறது, எந்த நேரத்தில் கடல்நீர் உள்ளே ஏறுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் கையால் தடவி இறால் பிடித்த பெண்களுக்கும் தெரியும். ஏற்றமா வற்றமா என்று குறிக்காமல் காலை பத்து மணிக்கு எடுத்த ஒரு குப்பி நீர், ஒரு நாள் கடலையும் மறுநாள் கால்வாயையும் காட்டும். இந்த அறிவை அறிக்கையில் எழுதும்போது, சொன்னவர்கள் சம்மதித்தால், அவர்கள் சங்கத்தின் பங்களிப்பு என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

குப்பியைக் கையாள்வதிலும் கவனம் வேண்டும். கரைந்த ஆக்சிஜனுக்கான மாதிரியை ஆற்றங்கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்து நிலைநிறுத்திவிட வேண்டும். கார அமில மதிப்பையும் (pH) வெப்பநிலையையும் அங்கேயே அளக்க வேண்டும். கன உலோகங்களுக்கு எடுக்கும் நீரில் நைட்ரிக் அமிலம் சேர்த்து அந்த மதிப்பை 2-க்குக் கீழ் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து ஒன்றைத் தொழிற்சாலை ஆய்வகத்துக்கும் மற்றொன்றைக் கல்லூரி ஆய்வகத்துக்கும் கொடுங்கள். குப்பிகளின் மேல் இடப்பெயர் எழுதாமல் குறியீட்டு எண் மட்டும் எழுதி, காய்ச்சி வடித்த நீர் நிரப்பிய ஒரு குப்பியையும் நடுவில் சேர்த்துவிடுங்கள். இரு ஆய்வகங்களின் எண்களும் ஒத்துப்போனால் நாளை எந்தத் தரப்பும் உங்கள் நேர்மையைக் குறை சொல்ல முடியாது. ஒத்துப்போகாவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

சங்கத்தாரிடம் ஒன்றை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, ஒரு நிறுவனத்தின் கழிவுநீர் மாதிரி நீதிமன்றத்தில் சான்றாக நிற்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உரிய அறிவிப்புக் கொடுத்து, சட்டம் சொல்லும் முறையில் அதை எடுத்திருக்க வேண்டும். உங்கள் குப்பிகள் வழக்குக்கு ஆதாரம் ஆகா. எந்த இடத்தில், எந்த நேரத்தில் வாரியம் வந்து மாதிரி எடுக்க வேண்டும் என்று ஊர் மனுக் கொடுப்பதற்கு அவை பெரிதும் உதவும். இதைச் சொல்லாமல் தொடங்கினால், எட்டாவது வாரத்தில் "இதை வைத்துக் கேஸ் போடலாமா?" என்று ஆசையோடு கேட்பவர்கள் முன் நீங்கள் தலைகுனிந்து நிற்க நேரும். நீரோடு நிறுத்திக்கொள்ளாமல் குடும்பங்களின் உடல்நலம் பற்றியும் கேள்வித்தாள் கொடுக்கப்போவதாகத் திட்டம் இருந்தால், அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும்.

உங்கள் தோழி வாங்கிய சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. வேலைக்கோ மேற்படிப்புக்கோ நேர்காணலில் உட்காரும்போது "என்ன அளந்தீர்கள், ஏன் அப்படி அளந்தீர்கள்?" என்று கேட்பார்கள், அங்கே அந்தக் காகிதம் பேசாது. கிரெடிட் கணக்கை மட்டும் சரிபாருங்கள். 2024-இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதல்படி இன்டர்ன்ஷிப்பில் 30 மணி நேரம் ஒரு கிரெடிட். உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி அதுவேதானா என்று துறையில் எழுத்தில் கேட்டு, வருகைக் குறிப்பேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டே வாருங்கள். தொழிற்சாலையில் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதையும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர்களுக்கும் பொருந்தும்.

கடைசியாக, அறிக்கையின் மொழி. கல்லூரிக்கு ஆங்கிலத்தில் கொடுப்பீர்கள். அதோடு நான்கு பக்கத்தில் தமிழிலும் எழுதி, சங்கக் கட்டடத்தில் ஒரு மாலை எல்லாரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். ஆய்வுக்காக என் மாணவர்களோடு ஒரு குப்பத்துக்குப் போனபோது, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, இதுவரை எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போனதாகவும் ஒருவர்கூடத் திரும்பி வந்து என்ன எழுதினோம் என்று சொல்லவில்லை என்றும் சொன்னார். நாங்களும் திரும்பிப் போகவில்லை. நீங்களோ சங்கத்தார் வாழும் பகுதியிலேயே குடியிருப்பவர். படித்துக் காட்டும் அந்த மாலையில் உங்கள் அப்பாவும் முன்வரிசையில் இருக்கட்டும், அவர் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லுங்கள்.