சுங்கை சிப்புட் ஆய்வு மாணவர்களுக்கு: கேள்வி பதில்

முதுகலை, முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. நிறையப் பேர் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, நான் கமுனிங் பக்கம். முனைவர் பட்டம், இரண்டாம் ஆண்டு. வீட்டிலிருந்தே எழுதுகிறேன். பேச ஆளில்லை, எழுத்தும் நகரவில்லை.

இளங்கலையில் வகுப்பும் தேர்வும் ஹாஸ்டல் தோழிகளும் உன்னை இழுத்துக்கொண்டு போனார்கள் தங்கச்சி. ஆய்வில் அப்படி இழுக்க யாரும் இல்லை, நாமே ஆள் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்று நான்கு பேர் போதும். ஒரே துறையாக இருக்க வேண்டாம். ஒருவர் செம்பனை நோய், இன்னொருவர் தமிழ்ப்பள்ளி வரலாறு என்றாலும் சரிதான்.

சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கூகுள் மீட்டில் கூடுங்கள். இன்று எழுதப் போவதை ஆளுக்கு ஒரு வரியில் சொல்லுங்கள். "இரண்டாம் அத்தியாயம்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். "நேர்காணலுக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்ற பத்தி" என்று சொல்ல வேண்டும். அப்புறம் மைக்கை அடைத்துவிட்டு 25 நிமிடம் எழுத்து, 5 நிமிடம் ஓய்வு. இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ கொண்டுவந்த பொமொடோரோ முறைதான் இது. மூன்று சுற்று முடிந்ததும், அரைகுறையாக இருந்தாலும் எழுதியதைத் திரையில் காட்டியே ஆக வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். குறை பேசி ஆறுதல் தேட மட்டும் கூடும் குழு சீக்கிரமே கலைந்துவிடும்.

சூப்பர்வைசர் மின்னஞ்சலுக்குப் பதிலே போடுவதில்லை.

"பார்த்துச் சொல்லுங்கள்" என்று முழு அத்தியாயத்தையும் அனுப்பினால் அது அப்படியே கிடக்கும். ஐந்தாறு பக்கமும் இரண்டு கேள்வியும் அனுப்பு தம்பி. நேரில் சந்தித்தால், என்ன முடிவானது, அடுத்து எதை எந்தத் தேதியில் தருவாய் என்று அன்று மாலையே எழுதி அனுப்பிவிடு. அப்படியும் மாதங்கள் ஓடினால் பட்டமேற்படிப்பு அலுவலகத்துக்குப் போ. அந்த மின்னஞ்சல்கள்தான் உனக்குச் சாட்சி.

"இன்னும் எத்தனை வருஷம் படிப்பே?" என்று அம்மா கேட்கிறார். தோட்டத்தில் வேலை செய்பவர், அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008ல் ஒரு போட்டி தொடங்கியது. முனைவர் பட்ட ஆய்வு முழுவதையும் மூன்று நிமிடத்தில், ஒரே ஒரு படத்தைக் காட்டிப் பேசி முடிக்க வேண்டும். அதை அம்மாவிடம் தமிழில் செய்து பாருங்கள். "சரி, இதனால யாருக்கு என்ன புண்ணியம்?" என்று கேட்பார். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் தேர்வாளரும் அதைத்தான் கேட்பார். அப்புறம் முன்மொழிவு, தரவு, ஆய்வேடு, வைவா என்று ஒரு தாளில் தேதியோடு எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

என் ஆய்வு தோட்டத் துண்டாடல் பற்றியது, அதாவது பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்றது பற்றி. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பாட்டிகளின் பேச்சை உடனே பதிவு செய்யலாமா?

பொறு. முதலில் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டு. தோட்டங்கள் துண்டாடப்படுவதைத் தடுக்க நம்மூர்த் துன் சம்பந்தன் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட காசில்தான் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அந்தக் காசைக் கட்டிய தலைமுறை இன்று மிகவும் வயதானது. அதனால் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்கும் கடிதத்தை இந்த வாரமே அனுப்பு, தள்ளிப்போடாதே. எழுதி முடித்ததும் அவர்கள் சொன்னதை அவர்களிடமே படித்துக் காட்டு.

மேற்கோள்களுக்கு எந்த மென்பொருள்?

ஸொட்டேரோ. இலவசம். இன்றே போடுங்கள்.

அடுத்த மாதம் வைவா. பயமாக இருக்கிறது.

உங்கள் சனிக்கிழமைக் குழுவையே தேர்வாளராக உட்கார வையுங்கள். வேறு துறைக்காரர்தான் அடிப்படைக் கேள்வி கேட்பார், அதில்தான் நாம் தடுமாறுவோம். திருத்தத்தோடு தேர்ச்சி என்பது சாதாரணம், மனம் உடையாதீர்கள். தேர்வாளர் குறிப்பு, நீங்கள் செய்த மாற்றம், பக்க எண் என்று மூன்று கட்டமாக ஓர் அட்டவணை போட்டு, திருத்திய ஆய்வேட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.