3(எக்ஸ் + 4) ஏன் 3எக்ஸ் + 4 ஆகாது?

ஒரு அம்மாவின் கேள்வி: "ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் பங்கீட்டுப் பண்பை மனப்பாடமாகச் சொல்கிறாள். ஆனால் 3(எக்ஸ் + 4) என்று கணக்கு வந்தால் 3எக்ஸ் + 4 என்றுதான் எழுதுகிறாள். எத்தனை தடவை திருத்தினாலும் திரும்பவும் அதே தப்பு. எப்படிப் புரியவைப்பது?"

கொஞ்ச நாளைக்குத் திருத்துவதை நிறுத்திவிடுங்கள். வெளியே இருக்கும் எண் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் பெருக்கும் என்ற விதி அவளுக்குத் தெரிகிறது, அடைப்புக்குறிக்குள் இருப்பது முழுவதும் சேர்ந்து ஒரே தொகை என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. அந்தத் தொகை மூன்று முறை வருகிறது, அவ்வளவுதான். அதை நீட்டி எழுதச் சொல்லுங்கள்: (எக்ஸ் + 4) + (எக்ஸ் + 4) + (எக்ஸ் + 4). இதில் எத்தனை எக்ஸ், எத்தனை 4 என்று அவளே எண்ணட்டும். 3எக்ஸ் + 12 தானாக வந்துவிடும், முன்பு எழுதிய விடையில் இரண்டு 4 காணாமல் போனதும் அவள் கண்ணுக்கே தெரியும். வெளியே இருக்கும் எண்ணிலிருந்து உள்ளே அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்களே, அது பிற்பாடு ஞாபகப்படுத்திக்கொள்ள உதவும். முதல் பாடமாக அதையே காட்டினால் பிள்ளை அம்பைத்தான் கற்றுக்கொள்கிறது, கணக்கை அல்ல.

இதுவும் கடினமாக இருந்தால் எழுத்துகளை விட்டுவிட்டு எண்களுக்குப் போங்கள். கட்டம் போட்ட தாளில் 7 வரிசை, 13 நிரல் கொண்ட ஒரு செவ்வகம் வரைந்து, பத்தாவது நிரலுக்குப் பிறகு மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 70 கட்டம், இன்னொரு பக்கம் 21, மொத்தம் 91. கோடு போட்டதால் கட்டம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, இதுதான் பங்கீட்டுப் பண்பு முழுக்க. கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இதைச் செவ்வகங்களை வைத்தே நிறுவினார், எனக்கும் இதைவிடத் தெளிவான விளக்கம் தெரியவில்லை.

அப்புறம், அவள் இதைப் பல வருடமாகப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். 23 × 14 போடும்போது முதலில் 92, அடுத்து 230 எழுதிக் கூட்டி 322 என்கிறோமே, அது 14ஐ 4 ஆகவும் 10 ஆகவும் பிரித்த வேலைதான். மனக்கணக்கிலும் பழக்குங்கள்: 8 × 98 என்பது 800 − 16, அதாவது 784. தலைகீழாகவும் கொடுங்கள், 7 × 68 + 7 × 32 என்றால் 7 × 100. பின்னால் காரணிப்படுத்துதல், அதாவது 3எக்ஸ் + 12ஐ 3(எக்ஸ் + 4) என்று எழுதுவது, வரும்போது இந்தத் தலைகீழ்ப் பழக்கம்தான் கைகொடுக்கும், அதனால் இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்கலாம்.

விடை சரியா என்று உங்களிடம் கேட்டால், எக்ஸுக்கு 2 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 3(2 + 4) என்பது 18, 3எக்ஸ் + 4 தருவது 10. தப்பு என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை.

குறை எண் வெளியே இருந்தால் கவனம் தேவை: −2(எக்ஸ் − 5) என்பது −2எக்ஸ் + 10.

இதெல்லாம் பிடிபட்ட பிறகு, பிரிக்கக் கூடாத இடத்திலும் பிரிக்க ஆரம்பிப்பாள். 2(3 × 4) என்பதை 6 × 8 என்று எழுதுவாள், விடை 24க்குப் பதில் 48 ஆகிவிடும், உள்ளே கூட்டலோ கழித்தலோ இல்லையே. வகுத்தலில் (12 + 18) ÷ 6 என்பதை 2 + 3 என்று தாராளமாகப் பிரிக்கலாம், ஆனால் 12 ÷ (2 + 4) என்பதைப் பிரித்தால் 2க்குப் பதில் 9 வரும். (எக்ஸ் + 3)² என்பதை எக்ஸ்² + 9 என்று எழுதினால் பழையபடி செவ்வகத்துக்கே போங்கள், இந்தத் தடவை சதுரம். இரண்டு பக்கமும் எக்ஸ், 3 என்று பிரித்து வரைந்தால் விட்டுப்போன இரண்டு 3எக்ஸ் துண்டுகளும் படத்திலேயே இருக்கும்.