ஜிபிஎஸ் டிராக்கரை ‘யாருக்கும் தோன்றக்கூடியது’ என்று தள்ளிவிடுவார்களா?

ஜிபிஎஸ் ரிசீவர், சிம் மோடம், அசைவு சென்சார் மூன்றும் ஏற்கெனவே இருப்பவை. சேர்த்து ஒரு டிராக்கர் செய்தால் அமெரிக்காவில் காப்புரிமை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க விண்ணப்பங்களுக்குப் பழைய ஆவணங்களைத் தேடித் தருவது என் வேலை. உறுப்புகள் பழையவை என்பதற்காக மட்டும் தள்ள மாட்டார்கள். அந்தத் துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவருக்கு, அன்றைய நிலையில், இப்படிச் சேர்க்கத் தோன்றியிருக்குமா என்றுதான் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103ஆம் பிரிவு கேட்கிறது.

இதில் 2007ல் வந்த கேஎஸ்ஆர் தீர்ப்பு முக்கியம். கார் பெடல் வழக்கு அது. உயரமும் தூரமும் மாற்றக்கூடிய பெடல் முன்பே உண்டு, எலக்ட்ரானிக் சென்சாரும் உண்டு. பெடலின் அசையாத சுழல்முனையில் சென்சாரைப் பொருத்தியதற்கு உரிமை கேட்டார்கள். கார்களே கேபிளை விட்டு எலக்ட்ரானிக்ஸுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். எந்தப் பொறியாளரும் செய்திருப்பார் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

உங்கள் டிராக்கரை இதே அளவுகோலில் வையுங்கள். ரிசீவர் பேட்டரியைத் தின்னும் என்பது எல்லாருக்கும் தெரியும். வண்டி நின்றதும் சென்சார் அதை அணைக்கிறது, பேட்டரி மிச்சமாகிறது. எதிர்பார்த்ததுதானே நடக்கிறது? இதோடு நின்றால் கஷ்டம். ஆனால் நீண்ட நேரம் அணைந்திருந்து விழிக்கும் ரிசீவர், செயற்கைக்கோளின் சுற்றுப்பாதைத் தரவை மறுபடி வாங்கியாக வேண்டும். அந்தத் தரவு 30 விநாடிக்கு ஒரு முறைதான் முழுதாக வருகிறது. அதற்குள் வண்டி நகர்ந்துவிடும். இந்தத் தாமதத்துக்கு நீங்கள் புதிதாக ஒரு வழி கண்டிருந்தால், உரிமையை அங்கே கோருங்கள்.

1966ல் ஆடம்ஸ் என்பவரின் பேட்டரி வழக்கில் அப்படித்தான் ஆனது. மெக்னீசியம், தாமிரக் குளோரைடு, தண்ணீர் எல்லாம் தெரிந்த சரக்குதான். ஆனால் வேலை செய்யாது என்று நிபுணர்களே நம்பியது வேலை செய்தது, காப்புரிமை நிலைத்தது.

இந்த வேலையில் எனக்குப் பெரிய பயம், பின்புத்தி: விடை தெரிந்த பிறகு எல்லாமே சுலபமாகத் தோன்றுவது. ஒருமுறை 1998ஆம் ஆண்டு விண்ணப்பம் ஒன்று வந்தது: வீட்டு எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கும் டிராக்கர். இடப்பக்கம் கோரல் (எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்பது), வலப்பக்கம் பழைய ஆவணங்கள் என்று அட்டவணையை அரைமணியில் நிரப்பிவிட்டேன். சீனியர் பார்த்துவிட்டு, “தேதியைப் பார்த்தியாப்பா?” என்றார். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்க அரசே வேண்டுமென்று குலைத்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை பிசகும். அந்தப் பிசகோடு ஒரு வீட்டுக்கு எல்லை போட்டால் வாசலில் நின்றாலே எச்சரிக்கை அடிக்கும். அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்பே. நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன். அட்டவணையை அழித்து முதலிலிருந்து தொடங்கினேன்.

அதனால் வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது முடிந்த கருவியை மட்டும் கொண்டுபோகாதீர்கள். என்னென்ன முயன்றீர்கள், எது ஏன் தோற்றது என்று தேதியோடு எழுதிய நோட்டையும் எடுத்துப் போங்கள்.