உப்புத் தண்ணீரில் ஒரு துளி மூளை: கேளுங்கள், சொல்கிறேன்

செல்வம்: அண்ணா, உப்புத் தண்ணீரில் கம்ப்யூட்டர் ஓடுகிறதாமே, நிஜமா?

கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட முடியாது, அதில் ஒரே ஒரு பாகம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகமும் தென்கொரியாவின் சோகாங் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2024இல் வெளியிட்டது இது. 150க்கு 200 மைக்ரோமீட்டர் அளவில் புனல் மாதிரி ஒரு குட்டி வாய்க்கால், உள்ளே பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பைக் கரைத்த தண்ணீர். வோல்டேஜ் கொடுத்தால் அயனிகள் (உப்பு கரையும்போது பிரியும் மின்னூட்டமுள்ள துகள்கள்) உள்ளே குவியும், திசையை மாற்றினால் குறையும், அதற்கேற்ப வாய்க்காலின் கடத்துதிறன், அதாவது மின்சாரத்தை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பது, ஏறி இறங்கும். வோல்டேஜை எடுத்தாலும் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தத் தாமதம்தான் நினைவு.

நசீமா: சிலிக்கான் சிப்பே இருக்கும்போது தண்ணீர் எதற்கு சார்?

வேகத்தில் போட்டியே கிடையாது, எலக்ட்ரானுக்கு முன்னால் அயனி மாட்டு வண்டிதான். ஆனால் உங்கள் மூளை சுமார் 20 வாட்டில் ஓடுகிறது, அதுவும் சோடியம், பொட்டாசியம் அயனிகளை வைத்து. (ஊசிக்கணவாயின் தடித்த நரம்பில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள், அயனிகளால் நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதற்கு 1952இலேயே கணக்கு எழுதிவிட்டார்கள்.) நம் கம்ப்யூட்டரில் நினைவகம் ஒரு இடம், கணக்குப் போடுவது வேறு இடம், தரவைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் அலைவதிலேயே மின்சாரம் நிறையப் போகிறது. இங்கே இரண்டு வேலையும் ஒரே வாய்க்காலில்.

கார்த்திக்: ஆனால் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுமே, அப்படிப்பட்ட நினைவால் என்ன லாபம்?

மறப்பதுதான் லாபமே! 1100, 0011 என்று இரண்டு துடிப்பு வரிசைகள் வருகின்றன என்று வையுங்கள் (1 என்றால் ஒரு வோல்டேஜ் துடிப்பு, 0 என்றால் ஒன்றுமில்லை). இரண்டிலும் துடிப்பு இரண்டுதான். ஆனால் முதலாவதில் துடிப்புகள் சீக்கிரமே வந்து பாதி மறந்துபோயிருக்கும், இரண்டாவதில் இப்போதுதான் வந்திருக்கும், அதனால் கடைசியில் அளந்து பார்த்தால் கடத்துதிறன் வேறு வேறாக இருக்கும். எது முன்னால், எது பின்னால் என்பதைத் தண்ணீரே பிரித்துக் காட்டிவிடுகிறது. கையால் எழுதிய எண்களின் படங்களை இப்படித் துடிப்பு வரிசைகளாக மாற்றித்தான் அவற்றை அடையாளம் காட்டினார்கள். எவ்வளவு நேரம் நினைவிருக்க வேண்டும் என்பதை நீளத்தை வைத்தே தீர்மானிக்கலாம்: வாய்க்கால் இரண்டு மடங்கு நீண்டால் நினைவு நான்கு மடங்கு. ஒன்று மட்டும், கடைசியில் விடையைப் படித்துச் சொன்னது சாதாரண கம்ப்யூட்டர்தான், யூடியூப் தலைப்புகள் இதைச் சொல்லாது.

செல்வம்: நீண்ட கால நினைவே முடியாதா அப்போ?

முடியும். பாரிஸ், மான்செஸ்டர் குழுக்கள் 2023இல் நானோமீட்டர் அளவு இடுக்குகளில் மணிக்கணக்கில் நிற்கும் நினைவைக் காட்டின.

நசீமா: எப்போது கடையில் வாங்கலாம்?

இப்போதைக்கு லேப்டாப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை வாய்க்காலைத் தாண்டி ஆயிரக்கணக்கில் இணைப்பதே இன்னும் பெரிய தலைவலி.